முதன்முறை வருபவர் எங்கே அமர்வார்? புனேயின் தேவாலய வாசலிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

சில நாள்களுக்கு முன் முதுகலை மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். களப்பணிக்காகப் புனேயின் தேவாலயங்கள் சிலவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் செல்லவேண்டிய தேவை அவருக்கு. இதற்கு முன் எந்தக் கிறித்தவ வழிபாட்டிலும் கலந்துகொண்டதில்லை. "அண்ணா, உள்ளே போனால் எங்கே உட்கார வேண்டும்? செருப்பைக் கழற்ற வேண்டுமா? ஏதாவது சாப்பிடக் கொடுத்தால் வாங்கலாமா, கூடாதா?" என்று கேட்டார். அவருக்கு அப்போது சொன்ன பதில் சுருக்கமானது. அவர் சென்ற பிறகுதான் அந்த வினாக்களின் கனம் எனக்கு உறைத்தது. எங்கே உட்காருவது, என்ன மொழியைக் கேட்பது, யாரோடு உண்பது என்னும் இம்மூன்று வினாக்களைச் சுற்றியே இந்தியக் கிறித்தவத்தின் இருநூறு ஆண்டுப் பூசல்கள் பல நடந்திருக்கின்றன. அவற்றுள் மிகப் புகழ்பெற்ற சில, இதே புனே நகரில் நிகழ்ந்தன. அதனால் அவருக்குச் சொல்லாமல் விட்ட நீண்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

புதிதாக வருபவர் என்னும் சிக்கல் கிறித்தவத்தின் தொடக்கத்திலேயே உண்டு. புதிய ஏற்பாட்டிலுள்ள யாக்கோபின் திருமுகம், பொன்மோதிரம் அணிந்து வருபவருக்கு நல்ல இருக்கையும் கந்தலுடுத்தி வருபவருக்குக் கால்மாட்டில் இடமும் கொடுக்கும் சபையைக் கடிந்துகொள்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பவுலுக்கு வேறொரு கவலை. எல்லாரும் ஒரே நேரத்தில் புரியாத மொழிகளில் பேசிக்கொண்டிருக்கும்போது புதியவர் ஒருவர் உள்ளே வந்தால், இவர்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று எண்ணமாட்டாரா என்று அவர் கேட்கிறார். அதே திருமுகத்தின் முற்பகுதியில், ஒருவர் பசித்திருக்க இன்னொருவர் வயிறார உண்ணும் திருவிருந்தைக் கண்டிக்கிறார். இருக்கை, மொழி, உணவு ஆகிய மூன்றுமே முதல் நூற்றாண்டிலேயே வழக்குப் பொருள்களாகிவிட்டன.

அடுத்து வந்த நூற்றாண்டுகளில் திருச்சபை ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டது. மறைநூல் வாசிப்பையும் மறையுரையையும் யாரும் கேட்கலாம். அதன் பின் திருமுழுக்குப் பெறாதவர்கள் வெளியே அனுப்பப்படுவார்கள். கதவு சாத்தப்பட்ட பிறகே நற்கருணைப் பகுதி தொடங்கும். பைசாந்திய வழிபாட்டில் கதவுகளைக் காக்கும்படி திருத்தொண்டர் விடுக்கும் அறிவிப்பு இன்றும் எஞ்சியிருக்கிறது. ஐரோப்பிய மொழிகளில் திருப்பலியைக் குறிக்கும் சொல்லே, அனுப்பிவைத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆக, புதியவரை எதுவரை அனுமதிப்பது என்பது வழிபாட்டின் கட்டமைப்புக்குள்ளேயே ஒரு மூட்டாக இருந்திருக்கிறது.

இனிப் புனேவுக்கு வருவோம். பேஷ்வாக்களின் தலைநகரில் கிறித்தவ வழிபாடு வெள்ளையரின் ஆட்சியோடு வந்ததன்று. பேஷ்வா படையில் பணியாற்றிய கோவாக் கத்தோலிக்க வீரர்களின் வழிபாட்டுக்காக இரண்டாம் மாதவராவ் பேஷ்வா 1792-இல் நிலம் அளித்தார். இன்று குவார்ட்டர் கேட் அருகே 'சிட்டி சர்ச்' என்று மக்கள் வழங்கும் அமலோற்பவ அன்னை ஆலயத்தின் தோற்றம் அதுவே. 1818-இல் பேஷ்வா ஆட்சி வீழ்ந்து ஆங்கிலேயர் படைமுகாம் அமைந்த பின் எழுந்தது புனித மரியன்னை ஆலயம். படைமுகாமின் ஆலயமான அதனை 1825-இல் அபிஷேகம் செய்துவைத்தவர் கல்கத்தா பேராயர் ரெஜினால்டு ஹீபர்.

ஹீபரின் பெயர் தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. பூனாவுக்கு வந்த மறு ஆண்டே அவர் தமிழகம் வந்தார். 1826 மார்ச் 26, உயிர்ப்பு ஞாயிறன்று தஞ்சையில் இருந்தார். ஏப்ரல் 3-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் குளிக்கும் தொட்டியில் உயிர்நீத்தார். அவர் உடல் அங்குள்ள புனித யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பூனாவில் அவர் முன் அமர்ந்திருந்தது ஆங்கிலப் படைமுகாம். பதவி வரிசையே அங்கு இருக்கை வரிசை. தஞ்சையிலோ, அங்குள்ள சபைகளின் சாதி வழக்கங்கள் பற்றிய பூசலை அவர் விசாரிக்க வேண்டியிருந்தது. வேளாளக் கிறித்தவர்கள் ஒருபுறமும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த கிறித்தவர்கள் மறுபுறமுமாகப் பிரிந்து அமர்ந்தனர். திருவிருந்தைப் பெறுவதிலும் முன் பின் இருந்தது. இதை உலகியல் மரியாதை என்று கொள்வதா, நம்பிக்கைக்கு மாறான பாவம் என்று கொள்வதா என்பதே கேள்வி. ஹீபர் கண்டிப்பைக் காட்டிலும் பொறுமையின் பக்கம் சாய்ந்தார். அவருக்குப் பின் வந்த பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் விடுத்த சுற்றுமடல், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றிலுமாகவும் ஒழியவேண்டும் என்று ஆணையிட்டது. தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினர். அதற்கு முன்னரே, தஞ்சையின் பெரும்புலவர் வேதநாயக சாஸ்திரியார் இளம் மிஷனரிகளின் இத்தகைய சீர்திருத்தங்களை எதிர்த்து எழுதியிருந்தார்.

கத்தோலிக்கர் நிலை வேறன்று. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்துக்கு இரண்டு தனித்தனி நடுக்கூடங்கள். அவை ஒரே பீடத்தை நோக்கிச் சாய்ந்து சேரும். ஒரு கூடத்தில் இருப்பவருக்கு மறு கூடத்தவர் தெரியமாட்டார்; பீடம் மட்டும் இருவருக்கும் தெரியும். நடுவிலிருந்த தடுப்பு 1910-இல் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து வழக்கும் நடந்தது. கட்டடக்கலையே இருக்கை விதியாக மாறிய இடம் அது. அங்கு முதன்முறை வரும் ஒருவரிடம் பெயரைக் கேட்கும் முன்பே, எந்த வாயில் வழியாக நுழைகிறாய் என்று கட்டடம் கேட்டுவிடும்.

இருக்கை வழக்கு தமிழகத்தில் கூர்மை பெற்றதென்றால், உணவு வழக்கு கூர்மை பெற்றது பூனாவில். பழைய நகரின் பஞ்ச் ஹௌத் பகுதியில் ஆங்கிலிக்கத் துறவு சபையினர் இருவகையார் பணிசெய்தனர்: கௌலித் தந்தையர் என்று அறியப்பட்ட புனித யோவான் சபையினர், வாண்டேஜ் நகரைத் தாயகமாகக் கொண்ட புனித கன்னிமரி சபைச் சகோதரியர். அவர்களுடைய திருநாமப் பேராலயம் 1885-இல் எழுந்தது. 'ஹௌத்' என்றால் மராத்தியில் தண்ணீர்த் தொட்டி. ஐந்து தொட்டிகள் இருந்த இடம் என்பது ஊர்ப்பகுதியின் பெயர்ப் பொருள். தண்ணீர்தான் தீட்டு எல்லையின் முதல் அடையாளம் என்பதை நினைவில் கொண்டு மேற்கொண்டு படிக்கவும்.

1890 அக்டோபரில் அந்த மிஷன் வளாகத்தில் ஒரு சொற்பொழிவு ஏற்பாடாயிற்று. ஏற்பாட்டின் பின்னே இருந்தவர் கோபாலராவ் ஜோஷி. அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்ற ஆனந்திபாய் ஜோஷியின் கணவர். ஊரைச் சீண்டிப் பார்ப்பதில் தனி விருப்பம் உடையவர். மகாதேவ கோவிந்த ரானடே, பால கங்காதர திலகர், கோபால கிருஷ்ண கோகலே உள்ளிட்ட நகரப் பெரியோர் வந்திருந்தனர். சொற்பொழிவு முடிந்ததும் தேநீரும் பிஸ்கட்டும் வைக்கப்பட்டன. சிலர் குடித்தனர், சிலர் மரியாதைக்காகக் கையில் எடுத்துவிட்டு மேசையிலேயே வைத்துவிட்டனர். சில நாள் கழித்து வந்திருந்தோரின் பெயர்ப் பட்டியல் 'புணே வைபவ்' இதழில் வெளியாயிற்று. வைதிகர்கள் கொதித்தெழுந்தனர். விவகாரம் சங்கராச்சாரியாரிடம் சென்றது, விசாரிக்க சாஸ்திரிகள் அமர்த்தப்பட்டனர், பிராயச்சித்தம் விதிக்கப்பட்டது. திலகர் சாத்திர மேற்கோள்களோடு வாதாடினார். தாம் காசியில் பிராயச்சித்தம் செய்துவிட்டதாகவும் கூறினார். ரானடே தம்மளவில் அதில் தவறு காணாதவர். ஆயினும் தம்மோடு விலக்குக்கு ஆளான நண்பர்களின் குடும்பத் துன்பத்தைக் கருதி 1892-இல் பிராயச்சித்தம் செய்துகொண்டார். சீர்திருத்தவாதிகள் அவரைக் கடுமையாகக் குறைகூறினர். அவருடைய மனைவி ரமாபாய் ரானடே தம் நினைவுக் குறிப்புகளில் இந்நாள்களை விரிவாக எழுதியிருக்கிறார்.

இந்நிகழ்வை நகைச்சுவைத் துணுக்காகச் சொல்லிக் கடப்பது வழக்கம். ஆய்வாளர் கவனிக்க வேண்டியது வேறு. அன்று நடந்தது வழிபாடே அன்று, வெறும் சொற்பொழிவு. எவரும் மதம் மாறவில்லை. மாற அழைக்கப்பட்டதாகவும் செய்தி இல்லை. கிறித்தவரின் கருத்தைக் கேட்டது குற்றமாகவில்லை. அவர் கோப்பையைத் தொட்டதே குற்றமாயிற்று. காது வழியாகச் செல்லும் கொள்கையைக் காட்டிலும் வாய் வழியாகச் செல்லும் நீர்மம் ஆபத்தானது என்று ஒரு சமூகம் கருதியது. மற்றொன்றும் உண்டு. அந்த மிஷன் வளாகத்தில் வாழ்ந்த, பெரும்பாலும் எளிய சாதிகளைச் சேர்ந்த கிறித்தவர்களும் பிள்ளைகளும் நாள்தோறும் அங்கே உண்டனர், குடித்தனர். அவர்களுக்கு அது செய்தியில்லை. வரலாறு விருந்தாளிகளின் கோப்பையைப் பதிவு செய்தது. வீட்டாரின் கோப்பையைப் பதிவு செய்யவில்லை. இதே நகரில் 1868-இல் ஜோதிராவ் புலே தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டார். தேநீர்ப் பூசல் எழுந்த அடுத்த மாதம், 1890 நவம்பர் 28-இல் அவர் காலமானார். ஐந்து தொட்டிகளின் பெயர்கொண்ட இடத்தில் நடந்த தேநீர் விருந்தையும் புலே வீட்டுத் தொட்டியையும் சேர்த்துப் படித்தால்தான் அக்காலப் பூனா நமக்கு முழுதாக விளங்கும்.

மூன்றே ஆண்டுகளில் வழக்கு கோப்பையிலிருந்து கதவுக்கு நகர்ந்தது. பண்டித ரமாபாய், புராணம் வாசித்தபடி தென்னாட்டுத் திருத்தலங்கள் உட்பட நாடெங்கும் அலைந்த பிராமணக் குடும்பத்தில் வளர்ந்தவர். மேற்கூறிய அதே வாண்டேஜ் சகோதரியரின் தொடர்பால் இங்கிலாந்து சென்று 1883-இல் திருமுழுக்குப் பெற்றார். 1889-இல் பம்பாயில் உயர்சாதி இளம் விதவைகளுக்காகச் சாரதா சதனைத் தொடங்கி, மறு ஆண்டு பூனாவுக்கு மாற்றினார். அமெரிக்க நன்கொடையாளர்களின் உதவியோடு நடந்த அந்த இல்லத்தில் சமயப் போதனை கூடாது என்பது உடன்பாடு. ரானடே, ராமகிருஷ்ண கோபால் பண்டார்கர் போன்றோர் ஆலோசனைக் குழுவில் இருந்தனர். ரமாபாய் தம் அறையில் தம் மகளோடு நாள்தோறும் ஜெபம் செய்தார். அறைக் கதவைச் சாத்தவில்லை. விரும்பிய பெண்கள் சிலர் வந்து உட்கார்ந்தனர். வாருங்கள் என்று அவர் அழைக்கவில்லை. வராதீர்கள் என்று தடுக்கவுமில்லை. இது உடன்பாட்டை மீறுவதாகும் என்று நகரம் குற்றஞ்சாட்டியது. 'கேசரி' கடுமையாக எழுதியது. 1893-இல் ஆலோசனைக் குழுவினர் விலகினர். பல பெண்களை உறவினர் அழைத்துச் சென்றுவிட்டனர்.

திறந்த கதவு அழைப்பாகுமா? இவ்வழக்கில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்றே நான் கருதுகிறேன். இல்லத்தின் தலைவி செய்யும் ஜெபம், அவரை நம்பி வாழும் பெண்களுக்கு வெறும் காட்சியாக இருக்க முடியாது; அதிகாரத்துக்கு ஓர் ஈர்ப்பு உண்டு. மறுபுறம், தன் வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டுதான் கும்பிட வேண்டும் என்று ஒரு பெண்ணிடம் சொல்வதும், எந்த அறைக்குள் தாம் செல்லலாம் என்பதை முடிவுசெய்ய விதவைகளுக்குத் தகுதியில்லை என்று கருதுவதும் எளிதில் ஏற்கத்தக்கவையல்ல. பைசாந்தியத் திருத்தொண்டர் கதவைக் காக்கச் சொன்னது உள்ளிருப்பதன் புனிதத்தை முன்னிட்டு. பூனாப் பெரியோர் கதவைச் சாத்தச் சொன்னது வெளியிலிருப்போரின் பாதுகாப்பை முன்னிட்டு. கதவு ஒன்றுதான், அதன் எந்தப் பக்கம் ஆபத்து இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

ரமாபாய் பின்னர் பூனாவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கேட்காவில் முக்தி இல்லத்தை நிறுவினார். பஞ்சத்தால் அநாதையான பெண்கள் நூற்றுக்கணக்கில் அங்கு சேர்ந்தனர். 1905 ஜூன் மாத இறுதியில் அங்கு எழுந்த எழுப்புதல் உலகக் கிறித்தவ வரலாற்றில் இடம்பெற்றது. பெண்கள் அனைவரும் ஒரே நேரத்தில் உரத்த குரலில் ஜெபித்தனர், அழுதனர், பாவங்களை அறிக்கையிட்டனர். அமைதியான ஆங்கில வழிபாட்டுக்குப் பழகிய விருந்தினர் திகைத்துப் போயினர். பவுல் கொரிந்தியரிடம் கேட்ட கேள்வி கேட்காவில் மீண்டும் எழுந்தது. பெந்தெகொஸ்தே இயக்கத்தின் பிறப்பிடமாக வழக்கமாகச் சொல்லப்படும் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெரு நிகழ்வு 1906-இல்தான் தொடங்கியது. அதற்கும் மிக முன்பாக, 1860-இல் திருநெல்வேலிப் பகுதியில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் வழிநடத்திய எழுப்புதலிலும் இத்தகைய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. கைதட்டலும் கூட்டு ஜெபமும் அண்மையில் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானவை என்று எண்ணும் மாணவர்கள் இந்த ஆண்டுகளை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்க்கவேண்டும்.

இசையைப் பற்றியும் சொல்லவேண்டும். புதியவரின் காதில் முதலில் விழுவது அதுதான். மராத்தித் தேவாலயங்களில் ஆங்கில மெட்டுப் பாடல்களோடு பஜனையும் அபங்கச் சாயல் கொண்ட பாடல்களும் ஒலிக்கும். அதற்கு முதன்மைக் காரணர் கவிஞர் நாராயண் வாமன் திலக் (1861–1919). முன்பு கூறிய திலகர் வேறு, இவர் வேறு. 1895-இல் கிறித்தவரான இவர், வார்க்கரி அடியார் மரபின் கீர்த்தன வடிவத்தைக் கிறித்துவின் வரலாற்றைச் சொல்லப் பயன்படுத்தினார். தமிழில் இதற்கு முன்னோடி உண்டு. வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கிறித்தவக் கீர்த்தனைகளையும் கதாகாலட்சேபத்தையும் தஞ்சையில் வளர்த்தார். அவரும் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜியும் மிஷனரி சுவார்ட்சிடம் பயின்றவர்கள். பின்னாளில் தஞ்சை ஹரிகதை முழு வடிவம் பெற்றதில் மராத்திக் கீர்த்தனக்காரர்களின் பங்கு இசை வரலாற்றாளர் அறிந்ததே. ஆதலால், புனேயில் ஒரு தமிழர் மராத்திக் கிறித்தவ பஜனையைக் கேட்டுத் தம் ஊர்க் கோவிலின் சாயலை உணர்வாராயின், அது வெறும் மயக்கமன்று. இரு மொழிகளுக்கும் இடையே காவிரிக் கரையில் ஒரு மராத்திய அரசவை இருந்தது.

இருக்கை வழக்குக்குப் புனே அளித்த விடைகளுள் ஒன்று, தரை. ஜாக் வின்ஸ்லோ என்னும் ஆங்கிலிக்கக் குரு 1922-இல் தொடங்கிய கிறித்த சேவா சங்கம் சில ஆண்டுகளில் பூனாவில் ஆசிரமம் அமைத்தது. காதி உடுத்தி, தரையில் அமர்ந்து, சைவ உணவு உண்டு, இந்தியரும் ஐரோப்பியரும் சமமாக வாழ்வது நோக்கம். 1927-இல் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தோருள் பின்னாளைய மானிடவியலாளர் வெரியர் எல்வினும் ஒருவர். தமிழகத்தில் 1921-இல் திருப்பத்தூரில் ஜேசுதாசனும் பேட்டனும் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் இதன் உடன்பிறப்பு. வின்ஸ்லோவின் ஆசிரமம் ஓய்ந்த பின், 1972-இல் கத்தோலிக்கத் துறவி சாரா கிராண்டும் வாண்டேஜ் சபைச் சகோதரியரும் இணைந்து அதே இடத்தில் அதை மீண்டும் தொடங்கினர். 1890-இல் பிரிந்து நின்ற கோப்பைகளின் ஊரில், இரு திருச்சபைப் பெண்களும் பல சமய விருந்தினரும் ஒரே பந்தியில் உண்டனர்.

கத்தோலிக்கத் திருச்சபை 1969-இல் இந்தியாவுக்கென ஒப்புதல் அளித்த பன்னிரு மாற்றங்கள் இதே திசையில் சென்றன: தரையில் அமர்தல், காலணி களைதல், கைகூப்பி வணங்குதல், ஆரத்தி எடுத்தல் முதலானவை. இம்முயற்சியை முன்னின்று நடத்தியவர் தமிழகக் குருவான அமலோற்பவதாஸ். புனே நகர் சாலையிலுள்ள ஞானதீப வித்யாபீடத்தில் பயில வரும் இளம் குருமாணவர் பலர் இத்தகைய வழிபாட்டை அறிந்தவர்கள். அங்குள்ள இயேசு சபையாரின் கல்லூரிக்கு தெ நொபிலியின் பெயர். அருகிலுள்ள பாப்பிறைக் குருமடம் 1893-இல் இலங்கைக் கண்டியில் நிறுவப்பட்டு 1955-இல் இங்கு வந்தது. மதுரையும் கண்டியும் இப்படிப் புனேயின் ஒரே சாலையில் அண்டை வீடுகளாயின.

ஆனால் நொபிலியின் பெயரே நம்மைத் தயங்க வைக்கிறது. 1606-இல் மதுரைக்கு வந்த அவர், காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, பரதவக் கிறித்தவரின் கோவிலிலிருந்து விலகி உயர்சாதியினருக்கெனத் தனிக் கோவில் கண்டார். பண்பாட்டைத் தழுவிய அதே செயல் சாதியையும் தழுவிக்கொண்டது. 1969-இன் மாற்றங்களைப் பற்றியும் தலித் கிறித்தவர்கள் இதையே கேட்டனர்: இந்தியப் பண்பாடு என்று நீங்கள் கொண்டுவருவது யாருடைய பண்பாடு? எந்தக் கோவிலின் உள்ளே எங்கள் முன்னோர் அனுமதிக்கப்படவில்லையோ அந்தக் கோவிலின் ஆரத்தியைத் தேவாலயத்தில் எதற்காக வரவேற்க வேண்டும்? 1981-இல் இக்கேள்வியை இறையியலாக வகுத்தவர் மகாராட்டிரத்தைச் சேர்ந்த அரவிந்த் நிர்மல். அவர் பின்னர் சென்னை குருகுல இறையியல் கல்லூரியில் தலித் இறையியல் துறைக்குத் தலைமை தாங்கினார். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, மாணவர்களுக்குப் பறட்டை அண்ணன், நாட்டுப்புற இசையில் வழிபாடு அமைத்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் பகிர்ந்து உண்பதே அவர் இறையியலின் மையப் படிமம். கவனியுங்கள்: வழக்கு மீண்டும் உணவுக்கே திரும்பிவிட்டது.

இனி, அந்த மாணவருக்கும் அவரைப் போன்றோருக்கும் நேரடியான விடைகள். புனேயில் ஒரே ஆலயத்தில் ஒரே ஞாயிறன்று ஆங்கிலம், மராத்தி, தமிழ் என வெவ்வேறு நேரங்களில் வழிபாடுகள் நடப்பதுண்டு. அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். பத்து நிமிடம் முன்னதாகச் சென்றால் பதற்றமில்லை. பெரும்பாலான நகர ஆலயங்களில் பெஞ்சுகள் உண்டு, காலணி களையத் தேவையில்லை. வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். பின்வரிசைகளில் ஒன்றில் அமர்ந்தால், பிறர் எழும்போது எழவும் அமரும்போது அமரவும் எளிதாக இருக்கும். முழங்காலிடுவது உங்கள் விருப்பம். பாடல், மறைநூல் வாசிப்பு, மறையுரை, மன்றாட்டு, காணிக்கை என்று வழிபாடு நகரும். காணிக்கைப் பை உங்களிடம் வந்தால் அடுத்தவருக்குக் கடத்திவிடலாம். யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். ஒளிப்படம் எடுக்கவோ குறிப்பெழுதவோ விரும்பினால் முன்கூட்டியே ஆயரிடமோ பங்குக் குருவிடமோ அனுமதி கேளுங்கள். பிறர் ஜெபிப்பது உங்களுக்குத் தரவு, அவர்களுக்கு உயிர்.

நற்கருணை அல்லது திருவிருந்து வரும்போது மட்டும் பழைய கதவு இன்னும் இருக்கிறது என்பதை உணர்வீர்கள். கத்தோலிக்க ஆலயங்களில் திருமுழுக்குப் பெறாதவர் அதைப் பெறுவதில்லை. பிற சபைகள் பலவற்றிலும் பொதுவாக அதுவே வழக்கம். எழுந்து செல்லாமல் இருக்கையிலேயே அமைதியாக இருப்பது முழு மரியாதை. இன்று யாரும் உங்களை வெளியே அனுப்பமாட்டார்கள்; ஆயினும் அந்த எல்லை சாதியின் எல்லையன்று, நம்பிக்கையின் எல்லை என்பதை அறிந்துகொள்வது நல்லது. சாதியின் எல்லை இல்லாதிருக்க வேண்டிய இடமும் அதுவே. அங்கே அது தென்பட்டால் உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

அதற்கு முன் ஒரு கணம் உங்களை வியக்க வைக்கலாம். அருகிலிருப்பவர் திரும்பி உங்கள் கையைத் தம் இரு கைகளுக்குள் வாங்கிச் சமாதானம் சொல்வார். தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவான பின், அதன் புதிய திருவிருந்து ஒழுங்கு 1950-இல் கூடிய பேரவையில் முதன்முதலாகப் பயன்பட்டது. கேரளச் சிரியக் கிறித்தவரிடமிருந்து கைவழிச் சமாதானத்தை அந்த ஒழுங்கு எடுத்துக்கொண்டது. உலகின் பல திருச்சபைகள் தத்தம் வழிபாட்டைத் திருத்தியபோது அதைக் கண்டு பின்பற்றின. தொடுதல் குற்றமாயிருந்த நாட்டிலிருந்து, முன்பின் அறியாதவரைத் தொட்டு வாழ்த்தும் ஒழுங்கு உலகுக்குச் சென்றது. அந்தக் கைகள் யாருடையவை என்று கேட்காமல் நீட்டப்படும் இடங்களும் உண்டு, கேட்டுவிட்டு நீட்டப்படும் இடங்களும் உண்டு. இரண்டையும் ஆய்வாளர் பார்க்கவேண்டும்.

அந்த மாணவர் சென்ற ஞாயிறன்று ஒரு ஆலயத்துக்குப் போய் வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். வழிபாடு முடிந்ததும் முற்றத்தில் எல்லாருக்கும் தேநீர் கொடுத்தார்களாம். "வாங்கிக் குடித்தாயா?" என்றேன். என் கேள்வி அவருக்கு விளங்கவில்லை. "குடித்தேனே, இதில் என்ன அண்ணா?" என்றார்.

1890-ஐ அறிந்தவர்களுக்கு, அந்த விளங்காமையே இந்த நூற்றாண்டின் சிறிய வெற்றி. ஆனால் அந்த முற்றத்தில் தேநீரைக் கலந்தவர் யார், கோப்பைகளைக் கழுவியவர் யார், அவர் எந்த வரிசையில் அமர்ந்து வழிபட்டார் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் பார்த்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.